கைப்பழக்கம் மாறாமல் கணினி: பழைய திரையமைப்புக்குத் திரும்ப ஒரு முழு வழிகாட்டி

சம்பா பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள் பொதுவாக நவம்பர் 15 வாக்கில் வரும். அதற்கு முந்தைய பத்து நாளில் திருவாரூர், மன்னார்குடி, பாபநாசம் பக்கம் எந்தப் பொதுச் சேவை மையத்தில் எட்டிப் பார்த்தாலும் வாசல் தாண்டி வரிசை நிற்கும். ஒவ்வொருவர் கையிலும் சிட்டா, அடங்கல், வங்கிப் புத்தக நகல், ஆதார் நகல். அந்த நேரத்தில் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு அப்டேட் வந்து பட்டன்களை இடம் மாற்றிவைத்துவிட்டுப் போனால், அது கால்கடுக்க நிற்கும் விவசாயியின் தலையில்தான் விடிகிறது. பழைய திரையமைப்பே வேண்டும் என்று கேட்பவரைப் ‘புதுசுக்குப் பழகாதவர்’ என்று ஒதுக்குவதை நான் ஏற்பதில்லை. அவர் தன் வேலையைக் காப்பாற்றப் பார்க்கிறார்.

கும்பகோணம், வலங்கைமான், மன்னார்குடி வட்டாரத்தில் உரக்கடை, அச்சகம், அரிசி மில், சேவை மையம் என்று கணினி அமைத்துக் கொடுப்பது என் தொழில். அங்கே தினமும் செய்வதைத்தான் கீழே எழுதியிருக்கிறேன். பெரும்பாலும் விண்டோஸ் 11-க்கானது. லினக்ஸ், கைபேசி பற்றியும் கொஞ்சம் உண்டு.

எது பழையது, எது புதியது

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கண்ணுக்கும் கைக்கும் முன்னால் இருக்கும் அமைப்பு வேறு, உள்ளே ஓடும் மென்பொருள் வேறு. முன்னால் இருப்பது பழையபடி இருக்கலாம். உள்ளே ஓடுவது புதியதாகத்தான் இருக்க வேண்டும். விண்டோஸ் 7 பிடிக்கும் என்பதற்காக அதையே இணையத்தில் இணைத்து ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் தட்டச்சு செய்வது மக்களுக்குச் செய்யும் கேடு. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-ஓடு நின்றுவிட்டன. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. அதில் தொடர்வதென்றால் நீட்டிப்புத் திட்டத்தில் பதிந்திருக்க வேண்டும்.

இனி, பழைய அமைப்பில் உண்மையிலேயே என்ன நன்றாக இருந்தது? ஒவ்வொரு வேலைக்கும் பெயர் எழுதியிருந்தது, அது வைத்த இடத்தில் இருந்தது. 1987-இல் ஐபிஎம் ‘காமன் யூசர் ஆக்சஸ்’ என்று ஒரு விதித்தொகுப்பு வெளியிட்டது. எஃப்1 என்றால் உதவி, ஆல்ட் + எஃப்4 என்றால் மூடு, மெனுப் பெயரில் அடிக்கோடிட்ட எழுத்தை ஆல்ட்டோடு அழுத்தினால் அந்த மெனு திறக்கும் என்பதெல்லாம் அதிலிருந்து பரவியவை. காப்பிக்குக் கண்ட்ரோல் + இன்சர்ட், பேஸ்ட்டுக்கு ஷிஃப்ட் + இன்சர்ட் என்பதும் அதில் வந்ததுதான். இன்றைக்கும் விண்டோஸில் அழுத்திப் பாருங்கள், வேலை செய்யும். எந்த நிரலைத் திறந்தாலும் ஒரே விதி என்பதால், ஒன்றைக் கற்றவருக்குப் பாதி மற்றதும் தெரிந்தது. ராத்திரியில் டார்ச் இல்லாமல் வரப்பில் போகிறவருக்கு மடை எங்கே என்று காலுக்கே தெரியுமே, அந்த மாதிரித்தான் இது.

முதல் படி: எதையும் தொடாமல் அரை நாள் பாருங்கள்

கணினியை நாள் முழுக்கப் பயன்படுத்துகிறவர் பக்கத்தில் உட்காருங்கள். கை எங்கே தயங்குகிறது, எந்த இடத்தில் ‘இது எங்கே போச்சு’ என்கிறார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அவர் தயங்காத இடத்தில் கை வைக்காதீர்கள். புது அமைப்பில் சிலருக்குப் பிடித்துப்போனதும் இருக்கும். கோப்புகளைக் காட்டும் எக்ஸ்புளோரரில் ஒரே சன்னலுக்குள் பல டேப் திறப்பதை யாரும் வேண்டாம் என்று சொல்லி நான் கேட்டதில்லை.

பட்டியல் கைக்கு வந்ததும் கோப்புகளை வெளி ஹார்டு டிஸ்க்கில் நகல் எடுங்கள். பிறகு ஸ்டார்ட் தேடலில் ‘கிரியேட் எ ரெஸ்டோர் பாயின்ட்’ என்று தட்டி ஒரு மீட்புப் புள்ளி போடுங்கள், ஏதாவது தவறினால் விண்டோஸின் அமைப்பை அந்த நிலைக்குத் திருப்பலாம். இதைச் செய்யாமல் அடுத்த படிக்குப் போகக் கூடாது.

இரண்டாம் படி: டாஸ்க்பார்

திரையின் அடியில் நிற்கும் பட்டைதான் டாஸ்க்பார். இங்கிருந்து தொடங்கச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1995-இல் விண்டோஸ் 95 ஸ்டார்ட் பட்டனைத் திரையின் இடது கீழ் மூலையில் வைத்தது. உளவியலாளர் பால் ஃபிட்ஸ் 1954-இல் கண்டு சொன்ன விதிப்படி, ஒரு இலக்கைக் கை தொட எடுக்கும் நேரம் அதன் தூரத்தையும் அளவையும் பொறுத்தது. மூலையில் இருப்பதைத் தொட மவுஸைக் குறி பார்க்கவே வேண்டாம், இழுத்துவிட்டால் சுட்டி தானாக மூலையில் போய் முட்டி நிற்கும். 2021-இல் வந்த விண்டோஸ் 11 அதை நடுவுக்குக் கொண்டுவந்தது. நடுவில் இருப்பதைவிடப் பெரிய சிக்கல், ஒவ்வொரு நிரல் திறக்கும்போதும் ஸ்டார்ட் பட்டன் கொஞ்சம் கொஞ்சமாக இடப்பக்கம் நகர்வது. காலையில் இருந்த இடத்தில் மத்தியானம் இருக்காது.

மாற்றுவது எளிது. டாஸ்க்பாரின் வெற்றிடத்தில் ரைட் கிளிக் செய்து ‘டாஸ்க்பார் செட்டிங்ஸ்’ போங்கள். கீழே ‘டாஸ்க்பார் பிஹேவியர்ஸ்’ பகுதியைத் திறந்து ‘டாஸ்க்பார் அலைன்மென்ட்’ என்பதை ‘லெஃப்ட்’ ஆக்குங்கள்.

அதே பகுதியில் ‘கம்பைன் டாஸ்க்பார் பட்டன்ஸ் அண்ட் ஹைட் லேபிள்ஸ்’ என்று ஒன்று இருக்கும். அதை ‘நெவர்’ ஆக்குங்கள். சேவை மையத்தில் நான் முதலில் மாற்றுவது இதைத்தான். ஒரே நேரத்தில் பிரவுசரில் இரண்டு சன்னல், ஸ்கேன் செய்த படங்கள் நான்கு, ஒரு எக்ஸல் என்று திறந்திருக்கும். எல்லாம் ஒரே படத்துக்குள் ஒளிந்துகொண்டால், கீழத்தெரு கோவிந்தசாமியின் சிட்டா எது, மேலத்தெரு கோவிந்தசாமியின் சிட்டா எது என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். பெயர் எழுதியிருந்தால் ஒரே சொடுக்கு. விண்டோஸ் 11 வந்தபோது இந்த வசதியை எடுத்துவிட்டார்கள். பயனர்கள் விடாமல் கேட்டதால் 2023-இல் திரும்பிவந்தது.

மூன்றாம் படி: ரைட் கிளிக்கும் ஸ்டார்ட் மெனுவும்

விண்டோஸ் 11-இல் கோப்பின் மேல் ரைட் கிளிக் செய்தால் சுருக்கமான மெனு வரும். கட், காப்பி, டெலீட் எல்லாம் முதலில் பெயரில்லாத சின்னப் படங்களாக இருந்தன. 2024 பதிப்பில்தான் பக்கத்தில் பெயர் போட்டார்கள். முழு மெனு வேண்டுமென்றால் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டு ரைட் கிளிக் செய்யுங்கள். கோப்பைத் தேர்ந்துவிட்டு ஷிஃப்ட் + எஃப்10 அழுத்தினாலும் அதே பழைய மெனு வரும். விண்டோஸ் தன் அமைப்புகளைச் சேமித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் கைவைத்து இதை நிரந்தரமாக்கவும் வழி உண்டு. ஆனால் ரெஜிஸ்ட்ரி பழகாதவருக்கு ஷிஃப்ட் போதும்.

ஸ்டார்ட் மெனுவுக்கு ஓப்பன் ஷெல் என்ற இலவச நிரலைப் போடுங்கள். இவோ பெல்ட்சேவ் என்ற நிரலாளர் 2009-இல் தொடங்கிய கிளாசிக் ஷெல்லின் வாரிசு இது. அவர் 2017 இறுதியில் பணியை நிறுத்தி மூல நிரலைத் திறந்துவிட, தன்னார்வலர்கள் எடுத்து நடத்துகிறார்கள். ஒற்றைப் பத்தி, இரட்டைப் பத்தி, விண்டோஸ் 7 மாதிரி என்று மூன்று வடிவம் கேட்கும். எழுபது வயதுக் கணக்கருக்கு ஒற்றைப் பத்தியையும், மற்றவர்களுக்கு விண்டோஸ் 7 வடிவத்தையும் வைக்கிறேன். எல்லாம் அமைத்த பிறகு ‘பேக்கப்’ பட்டனில் ‘சேவ் டு எக்ஸ்எம்எல் ஃபைல்’ கொடுத்து அமைப்பைப் பென்டிரைவில் வைத்துக்கொள்ளுங்கள். கடையில் மூன்று கணினி இருந்தால் மூன்றிலும் அதையே ஏற்றலாம். ஆள் இடம் மாறி உட்கார்ந்தாலும் கை தடுமாறாது.

டாஸ்க்பாரையே முழுதாக விண்டோஸ் 10 மாதிரி ஆக்கும் எக்ஸ்புளோரர் பேட்ச்சர் என்ற நிரலும் உண்டு. திறமையான வேலைதான். ஆனால் விண்டோஸின் உள்ளே ஆழமாகக் கைவைப்பதால் பெரிய அப்டேட் வரும்போது முறிந்துவிடுகிறது. தொழில் நடக்கும் கணினியில் அது வேண்டாம்.

நான்காம் படி: கண்ணுக்குத் தெரிய வேண்டியதைத் தெரியவைப்பது

‘செட்டிங்ஸ்’, ‘அக்ஸசிபிலிட்டி’, ‘விஷுவல் எஃபெக்ட்ஸ்’ போய் ‘ஆல்வேஸ் ஷோ ஸ்க்ரோல்பார்ஸ்’ என்பதை ஆன் செய்யுங்கள். இது அழகு சம்பந்தப்பட்டதல்ல. ஒருமுறை ஒரு சேவை மையத்தில் ஒரு அம்மாவின் நிலத்துக்கு உட்பிரிவு தேடிக்கொண்டிருந்தார்கள். பட்டியல் 2ஏ, 2பி, 2சி என்று வந்து நின்றது. அவருடையது 2டி. ‘ஒங்க உட்பிரிவு கம்ப்யூட்டர்ல இல்லம்மா, வி.ஏ.ஓ.வப் போய்ப் பாருங்க’ என்றார் ஆபரேட்டர். அந்த அம்மா குடையை எடுத்துக்கொண்டு கிளம்பியேவிட்டார். பட்டியல் கீழே இன்னும் நீண்டது. உருட்டுப்பட்டை மறைந்திருந்ததால் அது முடிந்துவிட்டதாகத் தெரிந்தது. இரண்டு விரற்கடைச் சாம்பல்நிறப் பட்டை திரையோரத்தில் தெரிந்திருந்தால் அந்த அலைச்சல் பேச்சே எழுந்திருக்காது. இணையதளங்களுக்குள் வரும் பட்டியல்களை அந்தந்தத் தளமும் பிரவுசரும்தான் முடிவுசெய்யும். அங்கே பட்டியல் மேல் ஒரு சொடுக்குச் சொடுக்கி என்ட் கீயை அழுத்திக் கடைசி வரை பார்க்கும் பழக்கத்தை ஆபரேட்டருக்குச் சொல்லிக்கொடுங்கள்.

‘விஷுவல் எஃபெக்ட்ஸ்’ பக்கத்திலேயே டிரான்ஸ்பரன்சியையும் அனிமேஷனையும் ஆஃப் செய்துவிடலாம். 4 ஜிபி ரேம் உள்ள கணினிகளில் வித்தியாசம் உடனே தெரியும். ‘அக்ஸசிபிலிட்டி’யில் ‘கீபோர்டு’ போய் ‘அண்டர்லைன் ஆக்சஸ் கீஸ்’ ஆன் செய்தால், ஆல்ட்டோடு அழுத்த வேண்டிய எழுத்துக்கு அடிக்கோடு மறுபடி தெரியும்.

ஒரு எச்சரிக்கை. வேகத்துக்காகப் பலர் ‘பெர்ஃபார்மன்ஸ் ஆப்ஷன்ஸ்’ என்ற வேறு சாளரத்தில் ‘அட்ஜஸ்ட் ஃபார் பெஸ்ட் பெர்ஃபார்மன்ஸ்’ என்று மொத்தமாகத் தேர்ந்துவிடுகிறார்கள். அது எழுத்துகளின் ஓரங்களை மென்மையாக்கும் வசதியையும் சேர்த்து அணைத்துவிடும். ஆங்கிலத்துக்கு அது பெரிதாகத் தெரியாது. தமிழில் சுழியும் கொம்பும் உடைந்துபோய் ணி, னி குழம்பும். அதைத் தேர்ந்த கையோடு அதே பட்டியலில் ‘ஸ்மூத் எட்ஜஸ் ஆஃப் ஸ்கிரீன் ஃபான்ட்ஸ்’ என்பதில் டிக் வையுங்கள். ‘ஷோ தம்ப்நெயில்ஸ்’ என்பதிலும் டிக் வையுங்கள், ஸ்கேன் செய்த ஆவணங்களைப் பார்த்தே அடையாளம் காணலாம்.

ஐந்தாம் படி: எக்ஸலும் அலுவலக நிரல்களும்

மைக்ரோசாஃப்ட் ஆஃபீஸ் 2007-இல் மெனுவை எடுத்துவிட்டு, பட்டன்களை அடுக்கிய ‘ரிப்பன்’ என்ற அகலப் பட்டையைக் கொண்டுவந்தது. பழைய மெனு திரும்பாது, ஆனால் பழைய விசைகளில் பல இன்னும் உள்ளே உயிரோடு இருக்கின்றன. எக்ஸல் 2003-இல் பேஸ்ட் ஸ்பெஷலுக்கு ஆல்ட், இ, எஸ் என்று அடித்தவர் இன்றைய எக்ஸலிலும் அப்படியே அடிக்கலாம். திரையில் மெனு தெரியாது, வேலை நடக்கும். ரிப்பனைச் சுருக்கக் கண்ட்ரோல் + எஃப்1. அடிக்கடி வேண்டியவற்றின் மேல் ரைட் கிளிக் செய்து ‘குயிக் ஆக்சஸ் டூல்பாரில்’ சேர்த்துவிட்டால் அவை இடம் மாறாது.

கடிதம், கணக்கு அட்டவணை மட்டும் போதும் என்கிறவர்களுக்கு லிப்ரெ ஆஃபீஸ் நல்லது. ‘வியூ’ மெனுவில் ‘யூசர் இன்டர்ஃபேஸ்’ திறந்தால் பழைய டூல்பாரா, ரிப்பன் மாதிரியா என்று கேட்கும். பயனரைக் கேட்கிற அந்த ஒரு சாளரத்துக்காகவே அந்தத் திட்டத்தின் மேல் எனக்கு மரியாதை.

ஆறாம் படி: டேலி

டெல்டாவின் உரக்கடைகளும் நெல் வியாபாரமும் டேலி என்ற கணக்கு மென்பொருளில் ஓடுகின்றன. 1986-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் மென்பொருள் ஏன் இத்தனை காலம் நிலைத்தது என்று தெரிய வேண்டுமானால், குறுவை விதைப்பு நேரத்தில் ஒரு பழைய கணக்குப்பிள்ளையைப் பாருங்கள். எஃப்8 அழுத்துவார், பெயரின் முதல் நாலெழுத்து, என்டர், ‘ஆடுதுறை 43’, என்டர், மூட்டை எண்ணிக்கை, என்டர், என்டர், கண்ட்ரோல் + ஏ. கண் திரையில் இருக்காது, எதிரே நிற்பவர் நீட்டும் பணத்தில் இருக்கும். மன்னார்குடிப் பக்கம் ஒருவர் சொன்னார்: ‘தம்பி, எனக்கு மவுசே வேணாம். வெரல் போற எடத்துல கீ இருந்தாப் போதும்.’

2020 நவம்பரில் டேலி பிரைம் வந்தபோது எஃப்4 முதல் எஃப்9 வரையிலான முக்கிய வவுச்சர் விசைகளை அப்படியே விட்டுவைத்தார்கள். நல்ல காரியம். மாறியவற்றில் கடைக்காரருக்குத் தட்டுப்படுவது இரண்டு. விதை மூட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தால் போடும் கிரெடிட் நோட், முந்தைய பதிப்பான டேலி இஆர்பி 9-இல் கண்ட்ரோல் + எஃப்8 ஆக இருந்தது, பிரைமில் ஆல்ட் + எஃப்6. டெபிட் நோட் கண்ட்ரோல் + எஃப்9-இலிருந்து ஆல்ட் + எஃப்5-க்குப் போனது. ஒரு சீட்டில் பெரிதாக எழுதி மானிட்டரின் கீழ்விளிம்பில் ஒட்டிவையுங்கள். எந்த மெனு எங்கே போனது என்று தெரியாவிட்டால் ஆல்ட் + ஜி அழுத்தி அறிக்கையின் பெயரைத் தட்டினால் அங்கேயே கொண்டுபோய் விடும். பிரைமில் புதிதாக வந்தவற்றில் பழைய ஆட்களே விரும்பி எடுத்துக்கொண்டது இந்த ஒன்று.

ஏழாம் படி: தமிழ்த் தட்டச்சும் அச்சகமும்

தஞ்சாவூரிலும் கும்பகோணத்திலும் தட்டச்சுப் பயிலகத்தில் லோயர், ஹையர் பாஸ் செய்தவர்கள்தான் பல அச்சகங்களில் இன்னும் கல்யாணப் பத்திரிகை அடிக்கிறார்கள். அவர்கள் விரல் தட்டச்சுப் பொறியின் விசை வரிசையில் ஊறியது. அரசு 1999-இல் தமிழ்99 விசைப்பலகையைத் தரப்படுத்தியது. புதிதாகக் கற்கிறவருக்கு நான் தமிழ்99-ஐத்தான் சொல்வேன். ஆனால் முப்பது வருடம் பழகிய கையை மாற்றச் சொல்ல யாருக்கும் உரிமையில்லை, அவசியமும் இல்லை.

என்எச்எம் ரைட்டர் அல்லது ஈ-கலப்பை நிறுவுங்கள். இரண்டிலும் தட்டச்சுப் பொறி விசையமைப்பு உண்டு. அதைத் தேர்ந்தால் கை பழைய இடத்திலேயே அடிக்கும், வெளியே வருவது எல்லாக் கருவிக்கும் பொதுவான யூனிகோட் எழுத்து. பாமினி எழுத்துருவில் அடித்த பத்திரிகையை வாட்ஸப்பில் அனுப்பினால் அந்தப் பக்கம் ஆங்கில எழுத்துக் கூளமாகப் போகும், தேடினாலும் கிடைக்காது. யூனிகோடில் அந்தத் தொல்லை இல்லை. முதலில் சொன்னேனே, முன்னால் பழையது, உள்ளே புதியது என்று. அதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

பேஜ்மேக்கர் 7-ஆம் பதிப்போடு நின்றுபோன பக்க வடிவமைப்பு மென்பொருள். ஆனாலும் நம் பக்கத்து அச்சகங்கள் அதை விடுவதாக இல்லை. அட்டை அளவு, மஞ்சள் கலரில் பிள்ளையார் சுழி, இரு வீட்டார் பெயர் வரும் இடம் எல்லாம் வார்ப்புருவாக அதில் இருக்கின்றன, நாளைக்கே நூறு பத்திரிகை வேண்டும் என்று வந்து நிற்பவருக்கு அவை உடனே உதவுகின்றன. அவர்களுக்கு நான் செய்து தருவது இதுதான்: பேஜ்மேக்கர் ஓடும் பழைய கணினியை இணையத்திலிருந்து முழுக்கத் துண்டித்துவிட வேண்டும். கோப்புப் பரிமாற்றத்துக்கென்று ஒரு பென்டிரைவ், அதைப் புதுக் கணினியில் வைரஸ் சோதித்த பிறகே செருக வேண்டும். முடித்த ஒவ்வொரு வேலையையும் பிடிஎஃப் ஆக்கிச் சேமிக்க வேண்டும். பழைய கணினி ஒருநாள் நின்றுபோனாலும் பத்து வருடத்துப் பத்திரிகைகள் கையில் இருக்கும்.

பிரவுசரும் மின்னஞ்சலும்

ஃபயர்ஃபாக்ஸில் ஈஎஸ்ஆர் என்ற பதிப்பைப் போடுங்கள். பாதுகாப்புத் திருத்தம் தவறாமல் வரும், தோற்ற மாற்றமெல்லாம் ஏறத்தாழ வருடத்துக்கு ஒருமுறைதான். மேல்பட்டையில் ரைட் கிளிக் செய்து ‘மெனு பார்’ என்பதைத் தேர்ந்தால் ஃபைல், எடிட் என்று பெயரோடு பழைய மெனு நிரந்தரமாக நிற்கும்.

ஜிமெயிலின் எளிய எச்டிஎம்எல் வடிவம் 2024-ஓடு போய்விட்டது. மெதுவான இணைப்பு உள்ள ஊர்களுக்கு அது பெரிய இழப்பு. மிச்சம் இருப்பதைச் சரிசெய்யலாம். ‘சீ ஆல் செட்டிங்ஸ்’ போய் ‘பட்டன் லேபிள்ஸ்’ என்பதில் ‘டெக்ஸ்ட்’ தேர்ந்தால் படங்களுக்குப் பதில் சொற்கள் வரும். ‘சாட் அண்ட் மீட்’ பக்கத்தில் இரண்டையும் ஆஃப் செய்தால் இடப்பக்க நெரிசல் குறையும். ஒவ்வொரு பக்கத்திலும் ‘சேவ் சேஞ்சஸ்’ கொடுக்க மறக்காதீர்கள்.

விண்டோஸ் 11 ஏறாத கணினிக்கு

லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போடலாம். 4 ஜிபி ரேமில் தாராளமாக ஓடும், ஸ்டார்ட் மெனு மூலையிலேயே இருக்கும். மின்ட் 22 வரிசைக்கு 2029 ஏப்ரல் வரை ஆதரவு உண்டு. லினக்ஸின் பழைய திரையமைப்பான க்னோம் 2 பழகியவர்கள் மாட்டே பதிப்பை எடுக்கலாம். 2011-இல் க்னோம் 3 முகத்தையே மாற்றியபோது பழையதைக் காப்பாற்றவென்றே பிரிந்து வந்தது அது. ஆனால் கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையொப்ப டோக்கன் மாட்டிய கணினியில் லினக்ஸ் போடாதீர்கள். அவற்றின் டிரைவர்கள் பெரும்பாலும் விண்டோஸுக்கே வருகின்றன.

வீட்டில் அப்பா, அம்மாவின் கைபேசியில் பேக் பட்டன் காணாமல் போயிருந்தால் அது 2019-இல் ஆண்ட்ராய்டு 10-ஓடு வந்த சைகை முறை. ‘செட்டிங்ஸ்’ தேடலில் ‘நேவிகேஷன்’ என்று தட்டி மூன்று பட்டன் முறையைத் தேர்ந்துகொடுங்கள்.

கடைசிப் படி: அப்டேட் எப்போது வரலாம் என்பதை நீங்கள் முடிவுசெய்யுங்கள்

அப்டேட்டை அடியோடு நிறுத்துவது தவறு, நேரம் குறிப்பது நம் உரிமை. ‘விண்டோஸ் அப்டேட்’ பக்கத்தில் ‘பாஸ் அப்டேட்ஸ்’ ஐந்து வாரம் வரை தள்ளிவைக்க விடும். சேவை மையம் என்றால் நவம்பர் தொடக்கத்தில் இரண்டு வாரம் தள்ளுங்கள். உரக்கடை என்றால் மேட்டூர் திறந்து குறுவை சூடு பிடிக்கும் ஜூனில். நெருக்கடி முடிந்த ஞாயிற்றுக்கிழமை தள்ளிவைப்பை எடுத்துவிட்டு, அப்டேட் முழுதாக ஏறவிட்டு, மேலே சொன்ன அமைப்புகள் ஒவ்வொன்றும் அப்படியே இருக்கின்றனவா என்று சரிபாருங்கள். ஏதாவது மாறியிருந்தால் திங்கட்கிழமை கடை திறக்கும் முன்பே திருப்பிவைத்துவிடலாம்.

அரசுத் தளங்கள் முகம் மாறும்போது நம் பக்கம் திருப்பிவைக்க எந்த சுவிட்சும் இல்லை. அங்கே செய்யக்கூடியது எழுதுவதுதான். ‘பழையதே நன்றாக இருந்தது’ என்று மட்டும் எழுதினால் யாராலும் எதுவும் செய்ய முடியாது. எந்தப் பக்கம், எந்தப் பட்டன், முன்பு எத்தனை சொடுக்கில் முடிந்தது, இப்போது எத்தனை, ஒரு மனுவுக்கு எவ்வளவு நேரம் கூடுகிறது என்று எழுதி, ஸ்கிரீன்ஷாட் எடுத்து இணைத்து அனுப்புங்கள். விண்டோஸுக்கு அதே போல் விண்டோஸ் விசையோடு எஃப் அழுத்தினால் ‘ஃபீட்பேக் ஹப்’ திறக்கும். டாஸ்க்பாரில் பெயர்கள் திரும்பி வந்ததற்கு இப்படி எழுதியவர்கள்தான் காரணம்.